கோரை வளர்ப்போம், தண்ணீர் காப்போம்

(பெங்களூர் ஈஜிபுராவில் வாழும் தமிழ் மக்களுக்கான உரை)



இன்றைய பேச்சு ஒரு செடியைப் பற்றியது. அது ரோஜா இல்லை. மல்லிகையும் இல்லை. காசு கொடுத்து வாங்கி வாசலில் வைக்கும் செடியும் இல்லை. அதன் பெயர் கோரை.

கோரையைத் தெரியாதவர் உண்டா? கோரைப் பாயில் படுத்துத் தூங்கியவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். கல்யாண வீட்டில் பாய் விரித்திருப்பீர்கள். வயலில் களை எடுத்தவர்களுக்குக் கோரையைக் கண்டால் கோபமும் வரும். 'பிடுங்கப் பிடுங்க முளைக்கிறதே' என்று திட்டியிருப்பீர்கள்.

அந்தக் கோரைதான் ஏரியைக் காக்கிறது. கரையைக் காக்கிறது. அழுக்குத் தண்ணீரைத் தெளிய வைக்கிறது. எப்படி? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஏரி இருந்த இடம்

பெங்களூர் மேட்டில் இருக்கும் ஊர். கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 900 மீட்டர் உயரம். இங்கே பெரிய ஆறு எதுவும் இல்லை. அதனால் அந்தக் காலத்து மக்கள் ஏரி வெட்டினார்கள். மேட்டில் ஓர் ஏரி. அது நிரம்பினால் தண்ணீர் கால்வாய் வழியாக அடுத்த ஏரிக்குப் போகும். அது நிரம்பினால் அதற்கும் கீழே உள்ள ஏரிக்குப் போகும். சங்கிலி போல ஏரிகள் இருந்தன. அந்தக் கால்வாய்களுக்கு ராஜகால்வாய் என்று பெயர்.

ஊர் வளர்ந்தது. ஏரிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. மெஜஸ்டிக் பஸ் நிலையம் உங்களுக்குத் தெரியும். அங்கே முன்பு தர்மாம்புதி என்ற ஏரி இருந்தது. கண்டீரவா விளையாட்டு அரங்கம் இருக்கும் இடம் சம்பங்கி ஏரி.

ஈஜிபுரா பக்கத்திலும் ஓர் ஏரி இருந்தது. அது கோரமங்கலா ஏரி. 1997-ம் ஆண்டு பெங்களூரில் தேசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. வீரர்கள் தங்குவதற்கு ஈஜிபுரா அருகே அடுக்கு மாடி வீடுகள் கட்டினார்கள். ஏரி இருந்த இடத்தில்தான் அந்த வீடுகள் எழுந்தன. இன்றும் அதை நேஷனல் கேம்ஸ் வில்லேஜ் என்றுதான் சொல்கிறார்கள்.

ஏரி போனால் என்ன ஆகும்? மழைத் தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடி வரும். ஈஜிபுராவிலும் கோரமங்கலாவிலும் பலத்த மழை பெய்தால் தாழ்ந்த தெருக்களில் தண்ணீர் நிற்கிறது. வீட்டுக்குள்ளும் புகுகிறது. அரிசி மூட்டை நனைகிறது. பிள்ளைகளின் புத்தகம் நனைகிறது. ராத்திரி முழுவதும் வாளியால் தண்ணீரை மொண்டு ஊற்ற வேண்டியிருக்கிறது.

ஏரியோடு இன்னொன்றும் போனது. ஏரியின் ஓரத்தில் வளர்ந்த கோரையும் போனது.

ஈஜிபுரா தண்ணீர் எங்கே போகிறது?

பாத்திரம் கழுவுகிறோம். துணி துவைக்கிறோம். அந்தத் தண்ணீர் சாக்கடையில் போகிறது. அதற்குப் பிறகு?

இந்தப் பக்கத்து நிலம் கிழக்கு நோக்கிச் சரிகிறது. இதைக் கோரமங்கலா பள்ளத்தாக்கு என்கிறார்கள். இங்கே ஓடும் தண்ணீர் ராஜகால்வாய் வழியாகப் பெல்லந்தூர் ஏரிக்குப் போகிறது. பெல்லந்தூரில் இருந்து வர்த்தூர் ஏரிக்குப் போகிறது. அங்கிருந்து தென்பெண்ணை ஆற்றில் சேர்கிறது.

தென்பெண்ணை எங்கே போகிறது? தமிழ்நாட்டுக்குப் போகிறது. ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி அணை இருக்கிறது. பிறகு கிருஷ்ணகிரி அணை. பிறகு சாத்தனூர் அணை. கடைசியில் கடலூர் பக்கம் ஆறு கடலில் கலக்கிறது.

உங்களில் பலருக்குச் சொந்த ஊர் கிருஷ்ணகிரிப் பக்கமும் திருவண்ணாமலைப் பக்கமும் இருக்கும். உங்கள் அண்ணன், தம்பி, மாமன், மச்சான் அங்கே பயிர் செய்கிறார்கள். ஈஜிபுராவில் சாக்கடையில் கொட்டும் தண்ணீர் அவர்கள் வயல் பக்கம் போகிறது. இதை மறக்கக் கூடாது.

2015-ம் ஆண்டு பெல்லந்தூர் ஏரியில் தீப்பிடித்தது. தண்ணீரில் தீயா என்று நாடே ஆச்சரியப்பட்டது. 2017-ல் மறுபடியும் தீப்பிடித்தது. 2018 ஜனவரியில் மீண்டும் பெரிய தீ. அணைப்பதற்கு ராணுவ வீரர்கள் சுமார் 5,000 பேர் வந்தார்கள். காற்று அடித்தால் ஏரியில் இருந்து வெள்ளை நுரை பறந்து சாலையில் விழுந்தது. கெலவரப்பள்ளி அணைத் தண்ணீரிலும் பல முறை நுரை பொங்கியிருக்கிறது.

காரணம் என்ன? வீட்டுக் கழிவும் சோப்புத் தூள் கலந்த தண்ணீரும் சுத்தம் செய்யாமல் ஏரியில் விழுந்தன. தொழிற்சாலைக் கழிவும் சேர்ந்தது. பிறகு பெல்லந்தூர் ஏரியைத் தூர் வாரும் வேலை தொடங்கியது. ஆனால் மேலே இருந்து அழுக்கு வந்துகொண்டே இருந்தால், கீழே தூர் வாரி முழுப் பலன் கிடைக்காது.

புல்லா? கோரையா?

கோரை பார்ப்பதற்குப் புல் மாதிரி இருக்கும். ஆனால் அது புல் இல்லை. இரண்டும் வேறு வேறு குடும்பம். நெல், கேழ்வரகு, கரும்பு, மூங்கில் எல்லாம் புல் குடும்பம். கோரைக்குத் தனிக் குடும்பம். உலகத்தில் 5,000-க்கும் மேற்பட்ட கோரை வகைகள் உள்ளன.

எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது? கண்ணை மூடிக்கொண்டும் கண்டுபிடிக்கலாம். தண்டை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து உருட்டுங்கள். புல்லின் தண்டு பெரும்பாலும் உருண்டையாக இருக்கும். கோரையின் தண்டில் பெரும்பாலும் மூன்று முனை தட்டும். புல்லின் தண்டில் கணு இருக்கும். கோரைத் தண்டில் கணு தெரியாது. பல புல் வகைகளில் தண்டுக்குள் வெற்றிடம் இருக்கும். கோரைத் தண்டுக்குள் மெத்தென்ற சோறு நிறைந்திருக்கும்.

பெங்களூர்ப் பக்கம் காணும் சில வகைகளைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒன்று, பாய்க்கோரை. ஏரிக் கரையிலும் ஆற்றங்கரையிலும் வளரும். ஆள் உயரம் போகும். இதில்தான் பாய் நெய்வார்கள்.

இரண்டு, கோரைக்கிழங்குச் செடி. இதன் கிழங்குக்கு முத்தக்காசு என்றும் பெயர். கிழங்கு நல்ல வாசனையாக இருக்கும். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். குளியல் பொடியில் சேர்ப்பார்கள். ஆனால் வயலில் இது பொல்லாத களை. உலகத்தின் மிக மோசமான களைகளில் இதுவும் ஒன்று. பூமிக்குள் கிழங்கு விட்டு, கிழங்கில் இருந்து கிழங்கு கிளம்பிப் பரவும். இதைத் தோட்டத்தில் நடவே கூடாது.

மூன்று, சிறு கோரை வகைகள். ஒரு சாண் உயரம் இருக்கும். உச்சியில் வெள்ளைப் பந்து போலப் பூக்கும். ஈரமான நிழலில் தானே முளைக்கும். பூங்காவில் பார்த்திருப்பீர்கள்.

நான்கு, குடைக்கோரை. உச்சியில் குடை விரித்தது போல இலை இருக்கும். பணக்கார வீட்டுத் தொட்டியில் அழகுக்கு வைப்பார்கள். இது இந்த மண்ணின் செடி இல்லை. ஆப்பிரிக்காவில் இருந்து வந்தது. தொட்டியில் இருந்தால் சரி. ஏரிக் கரையில் நட வேண்டாம். நம் ஊர்ச் செடிக்கு இடம் இல்லாமல் பரவிவிடும்.

சம்பு என்று ஒன்று உண்டு. சம்பங்கோரை என்றும் சொல்வார்கள். உச்சியில் பழுப்பு நிறத்தில் கதிர் நிற்கும். பெயரில் கோரை இருந்தாலும் அது வேறு குடும்பம். ஆனால் அதுவும் தண்ணீரைச் சுத்தம் செய்யும்.

கோரை கொடுத்த காகிதம்

நீங்கள் இப்போது படிக்கக் கற்றுக்கொண்டீர்கள். கையில் காகிதம் இருக்கிறது. காகிதத்துக்கும் கோரைக்கும் ஒரு சம்பந்தம் உண்டு.

எகிப்து நாட்டில் நைல் என்ற பெரிய ஆறு ஓடுகிறது. அதன் கரையில் பாப்பிரஸ் என்ற கோரை வளர்ந்தது. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அந்த ஊர் மக்கள் அதை அறுத்தார்கள். தண்டின் சோற்றை மெல்லிய பட்டையாகச் சீவினார்கள். குறுக்கும் நெடுக்கும் அடுக்கினார்கள். அழுத்தி, காய வைத்தார்கள். அதில் எழுதினார்கள். பேப்பர் என்ற சொல்லே பாப்பிரஸ் என்ற சொல்லில் இருந்து வந்ததுதான்.

அந்தக் கோரைத் தாளில் நம் பக்கத்துச் செய்தியும் இருக்கிறது. சேர நாட்டில் முசிறி என்ற துறைமுகம் இருந்தது. அந்த இடம் இன்றைய கேரளத்தில் இருக்கிறது. அங்கிருந்து கப்பலில் யானைத் தந்தமும் துணியும் வாசனைப் பொருளும் மேற்கு நாடுகளுக்குப் போயின. அந்தச் சரக்கைப் பற்றிய கணக்கும் ஒப்பந்தமும் ஒரு கோரைத் தாளில் எழுதப்பட்டன. சுமார் 1,850 ஆண்டுகளுக்கு முந்திய அந்தத் தாள் இன்றும் இருக்கிறது. ஆஸ்திரியா நாட்டின் வியன்னா நகரத்தில் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.

தமிழ்நாட்டிலும் கோரைக்குப் பெருமை உண்டு. சங்க காலத்துப் பெண் பிள்ளைகள் பச்சைக் கோரையில் பொம்மை செய்து விளையாடினார்கள். திருநெல்வேலிப் பக்கம் பத்தமடை என்ற ஊர் இருக்கிறது. தாமிரபரணி ஆற்றங்கரைக் கோரையில் அங்கே பாய் நெய்கிறார்கள். கோரையை வெயிலில் காய வைத்து, ஓடும் தண்ணீரில் ஊற வைத்து, நூல் போலக் கிழித்து நெய்வார்கள். பட்டுத் துணி போல மடிக்கக் கூடிய பாய் அது. அதற்கு அரசாங்கத்தின் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

காவிரிக் கரையில் கரூர், நாமக்கல், திருச்சி மாவட்டங்களில் கோரையைப் பயிராகவே செய்கிறார்கள். திருச்சி மாவட்டத்திலும் முசிறி என்று ஓர் ஊர் உண்டு. அந்தப் பக்கத்துக் கோரைப் பாய் பேர் போனது. ஒரு முறை நட்டால் பல ஆண்டுகள் அறுக்கலாம்.

கோரை எப்படிச் சுத்தம் செய்கிறது?

இதில் மந்திரம் எதுவும் இல்லை. நான்கு வேலைகள் நடக்கின்றன.

முதல் வேலை. கோரை நெருக்கமாக நிற்கும். வேகமாக வரும் தண்ணீர் அதில் மோதி மெதுவாகிறது. மெதுவான தண்ணீரில் மண்ணும் அழுக்கும் அடியில் படிகின்றன.

இரண்டாவது வேலை. கோரையின் தண்டுக்குள் காற்றுப் போகும் வழி உண்டு. மேலே இருக்கும் காற்று வேர் வரை இறங்கும். சேற்றுக்குள்ளும் வேரைச் சுற்றிக் கொஞ்சம் காற்று கிடைக்கும். அங்கே கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் வாழும். அவை அழுக்கைத் தின்று தீர்க்கும்.

மூன்றாவது வேலை. சோப்பிலும் கழிவிலும் செடிக்கு உரமாகும் சத்துகள் இருக்கின்றன. அவை ஏரியில் சேர்ந்தால் ஆகாயத் தாமரை மண்டிவிடும். கோரை அந்தச் சத்துகளில் ஒரு பகுதியை உறிஞ்சி வளர்கிறது.

நான்காவது வேலை. அதன் வேர் மண்ணை இறுக்கிப் பிடிக்கிறது. மழை வெள்ளத்தில் கரை சரியாது.

ஒன்றை நினைவில் வையுங்கள். கோரை உறிஞ்சிய சத்து கோரைக்குள்தான் இருக்கும். அறுக்காமல் விட்டால் அது காய்ந்து தண்ணீரில் விழுந்து அழுகும். சத்து மறுபடியும் தண்ணீரில் சேரும். ஆகவே அவ்வப்போது அறுத்து வெளியே எடுக்க வேண்டும்.

பெங்களூரின் வடக்கே ஜக்கூர் ஏரி இருக்கிறது. அங்கே சாக்கடைத் தண்ணீரை முதலில் சுத்திகரிப்பு நிலையத்தில் சுத்தம் செய்கிறார்கள். பிறகு அதைச் சம்பு முதலிய நீர்ச் செடிகள் நிறைந்த சதுப்பு நிலத்தில் விடுகிறார்கள். அதைக் கடந்துதான் தண்ணீர் ஏரிக்குள் போகிறது. இயந்திரம் பாதி வேலை, செடி பாதி வேலை. பறவைகள் வருகின்றன. மீன் பிடிப்பவர்களுக்கும் பிழைப்பு நடக்கிறது.

செடி மட்டும் போதுமா? போதாது. கக்கூஸ் தண்ணீரையும் தொழிற்சாலைக் கழிவையும் கோரையால் மட்டும் சுத்தம் செய்ய முடியாது. அதற்குச் சுத்திகரிப்பு நிலையம் வேண்டும். கோரை அதற்குத் துணை.

வாளியில் ஒரு கோரைத் தோட்டம்

ஈஜிபுராவில் வீட்டுக்கு முன்னால் தோட்டம் ஏது? ஒரு வீட்டுச் சுவரில் அடுத்த வீட்டுச் சுவர் ஒட்டி நிற்கிறது. ஆனால் மொட்டை மாடி இருக்கிறது. படிக்கட்டின் கீழே கொஞ்சம் இடம் இருக்கிறது. அது போதும்.

20 லிட்டர் காலிப் பெயிண்ட் வாளி ஒன்று எடுங்கள். நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு இப்படிச் செய்யுங்கள்.

1. வாளியின் விளிம்பில் இருந்து நான்கு விரல் கீழே, பக்கத்தில் ஒரு ஓட்டை போடுங்கள். அதில் சிறிய குழாய் செருகுங்கள். தண்ணீர் இதன் வழியாக வெளியே வரும்.

2. அடியில் உடைந்த செங்கல் துண்டுகளைப் போடுங்கள். அதன் மேல் ஜல்லி போடுங்கள். அதன் மேல் கழுவிய ஆற்று மணலோ எம்-சாண்டோ போடுங்கள். விளிம்புக்கு இரண்டு விரல் கீழே வரை நிரப்புங்கள்.

3. பாய்க்கோரையின் கிழங்கு வேரைத் தளிரோடு சேர்த்து வெட்டி எடுங்கள். ஒரு துண்டில் இரண்டு மூன்று தளிர் இருக்க வேண்டும். நீளமான தண்டை ஒரு சாண் விட்டு வெட்டிவிடுங்கள். ஒரு வாளிக்கு மூன்று துண்டு நடுங்கள்.

4. முதல் மூன்று வாரம் நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். புதுத் தளிர் வந்த பிறகு பாத்திரம் கழுவிய தண்ணீரை ஊற்றுங்கள்.

ஜூன் மாதம் நடுவது நல்லது. மழையில் சீக்கிரம் வேர் பிடிக்கும். டிசம்பர் குளிரில் வளர்ச்சி குறையும். கோரைக்கு நல்ல வெயில் வேண்டும்.

பாத்திரம் கழுவிய தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது. சோற்றுப் பருக்கையை வடிகட்டுங்கள். எண்ணெய்ப் பாத்திரத்தை முதலில் பழைய தாளால் துடையுங்கள். எண்ணெய் போனால் மணல் அடைத்துக்கொள்ளும். நாற்றம் வரும்.

வெளியே வரும் தண்ணீரை வாழைக்கும் பூச்செடிக்கும் ஊற்றலாம். குடிக்கக் கூடாது. பச்சையாகத் தின்னும் கீரைக்கும் கொத்தமல்லிக்கும் ஊற்றக் கூடாது. அந்த வாளியில் வளர்ந்த கோரையை மருந்துக்கும் பயன்படுத்தக் கூடாது.

ஒரு சின்னக் கணக்கு

கணக்கும் கற்றிருக்கிறீர்கள். போட்டுப் பார்க்கலாம்.

வாளியில் கல்லும் மணலும் போன பிறகு, இடைவெளியில் சுமார் 6 லிட்டர் தண்ணீர்தான் நிற்கும். தண்ணீர் இரண்டு நாளாவது உள்ளே தங்கினால்தான் சுத்தமாகும். அப்படியானால் ஒரு நாளைக்கு எவ்வளவு ஊற்றலாம்? 6-ஐ 2-ஆல் வகுத்தால் 3. ஒரு நாளைக்கு 3 லிட்டர்.

ஒரு குடும்பத்துக்கு இது போதாது. பழகிய பிறகு 200 லிட்டர் டிரம்மை நீளவாக்கில் இரண்டாக வெட்டுங்கள். அரை டிரம்மில் சுமார் 30 லிட்டர் தண்ணீர் நிற்கும். ஒரு நாளைக்கு 15 லிட்டர் வரை ஊற்றலாம்.

ஆனால் எடையையும் கணக்குப் பாருங்கள். கல்லும் மணலும் தண்ணீரும் சேர்ந்தால் அரை டிரம் 200 கிலோ வரை இருக்கும். நான்கு மூட்டை சிமெண்ட் எடை. பழைய கூரை மேலும் ஷீட் மேலும் வைக்கவே கூடாது. தரையில் வைப்பதுதான் நல்லது. மாடியில் வைப்பதானால், கீழே சுவர் இருக்கும் ஓரத்தில் வையுங்கள். வாடகை வீடாக இருந்தால் வீட்டுக்காரரைக் கேட்டுவிட்டு வையுங்கள்.

கொசு வருமா?

இது எல்லாரும் கேட்கும் கேள்வி. நியாயமான கேள்வி. டெங்குக் காய்ச்சல் வந்து அவதிப்பட்டவர்களுக்கு அந்தப் பயம் இருக்கும்.

கொசு தண்ணீரின் மேல்பரப்பு இருக்கும் இடத்தில்தான் முட்டை இடும். வாளியில் ஓட்டை எங்கே போட்டோம்? நான்கு விரல் கீழே. மணல் எங்கே இருக்கிறது? இரண்டு விரல் கீழே. ஆகவே தண்ணீர் எப்போதும் மணலுக்கு இரண்டு விரல் அடியில்தான் நிற்கும். மேலே தண்ணீர் தெரியாது. கொசுவுக்கு இடம் கிடைக்காது.

ஓட்டை அடைத்துக்கொண்டால் தண்ணீர் மேலே நிற்கும். அதனால் வாரம் ஒரு முறை குழாயைக் குச்சியால் குத்திப் பாருங்கள். வெளியே வரும் தண்ணீரைப் பிடிக்கும் பாத்திரத்தைத் தினமும் காலி செய்யுங்கள்.

டெங்குக் கொசு பெரும்பாலும் மூடாத டிரம்மிலும் தேங்காய்ச் சிரட்டையிலும் பழைய டயரிலும் வளர்கிறது. கோரையைக் குறை சொல்லும் முன் அவற்றைப் பார்க்க வேண்டும்.

ஏரிக் கரையில் கோரை இருந்தால் தவளை வரும். தட்டான் வரும். தட்டான் குஞ்சு தண்ணீருக்குள் கொசுப் புழுவைத் தின்னும். தட்டான் பறக்கும்போது கொசுவைப் பிடித்துத் தின்னும். நீலத் தாழைக்கோழி அங்கே கூடு கட்டும். சிறு குருவிகள் விதை தின்ன வரும். சிமெண்ட் போட்ட கரையில் இவை எதுவும் வராது.

பாம்பு வருமே என்று சிலர் சொல்வார்கள். மொட்டை மாடி வாளிக்குப் பாம்பு வராது. பூங்காவில் நட்டால், நடக்கும் பாதையில் இருந்து நான்கு அடி தள்ளி நட வேண்டும். பாதை ஓரத்தை வெட்டிச் சுத்தமாக வைக்க வேண்டும்.

தெரு ஒன்று சேர்ந்தால்

ஒரு வீட்டில் ஒரு வாளி வைத்தால் பெல்லந்தூர் ஏரி சுத்தமாகிவிடுமா? ஆகாது. அதை மறைக்கத் தேவை இல்லை. ஆனால் அதில் இரண்டு நன்மை உண்டு. வாங்கும் தண்ணீர் கொஞ்சம் மிச்சமாகும். கோரை எப்படி வேலை செய்கிறது என்று பிள்ளைகள் கண்ணால் பார்ப்பார்கள். பார்த்தவர்கள்தான் நாளைக்குக் கேள்வி கேட்பார்கள்.

பக்கத்துப் பூங்காவில் தாழ்வான ஒரு மூலை இருக்கும். மழை பெய்தால் அங்கே தண்ணீர் ஓடி வரும். அந்த இடத்தில் ஓர் அடி ஆழத்துக்கு மழைப் பள்ளம் வெட்டலாம். நடுவில் பாய்க்கோரை நடலாம். ஓரத்தில் சிறு கோரை நடலாம். மழைத் தண்ணீர் தெருவுக்குப் போகாமல் அங்கே இறங்கும். ஒரு நாள், இரண்டு நாளில் தண்ணீர் பூமிக்குள் இறங்கிவிட வேண்டும். அதற்கு மேல் நின்றால் பள்ளத்தின் அடியில் ஜல்லி போட வேண்டும்.

இதற்கு அனுமதி வேண்டும். பூங்கா மாநகராட்சியின் இடம். ராஜகால்வாய் ஓரமும் அப்படித்தான். யாரும் தாமாகவே போய்க் கால்வாய்க்குள் செடி நடக் கூடாது. அடைப்பு ஏற்பட்டால் வெள்ளம் வரும். வார்டு அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும். முன்பு மனு எழுத அடுத்தவர் கையை எதிர்பார்க்க வேண்டியிருந்தது. இப்போது நீங்களே எழுதலாம். கையெழுத்தும் போடலாம்.

மனுவில் என்ன எழுதலாம்? இந்த இடத்தில் மழைத் தண்ணீர் நிற்கிறது. இங்கே மழைப் பள்ளம் வேண்டும். சாக்கடையும் மழைக் கால்வாயும் தனித் தனியாக இருக்க வேண்டும். ஏரிக் கரை முழுவதும் சிமெண்ட் பூசாமல், ஓரத்தில் கோரைக்கு இடம் விட வேண்டும். இவ்வளவுதான். நான்கு வரி போதும். ஒரு நகல் எடுத்து, தேதியோடு முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கன்னடம் பேசும் பக்கத்து வீட்டுக்காரர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களும் கோரையை அறிவார்கள். அவர்கள் அதை ஜேகு என்பார்கள். பெயர்தான் வேறு. செடி ஒன்றுதான். தெருவில் புகும் வெள்ளமும் எல்லாருக்கும் ஒன்றுதான்.

பிளாஸ்டிக் பையைச் சாக்கடையில் போடாதீர்கள். அது கோரையையும் மூச்சடைக்க வைக்கும். கால்வாயையும் அடைக்கும். அதை எடுக்க ஒரு துப்புரவுத் தொழிலாளி குனிய வேண்டியிருக்கும். அவரும் உங்களைப் போல ஒருவர்தான்.

அறுத்த கோரையை வீணாக்க வேண்டாம். சின்னத் துண்டாக நறுக்கி மற்றச் செடிகளின் அடியில் மூடாக்காகப் போடலாம். மக்கி உரமாகும். சுத்தமான தண்ணீரில் வளர்ந்த கோரையானால் காய வைத்து விசிறியோ சின்னத் தடுக்கோ முடையலாம். ஊரில் பாய் முடையத் தெரிந்த பாட்டி இருந்தால் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.

மறைந்த ஏரி திரும்பி வராது. அதன் மேல் வீடுகள் நிற்கின்றன. ஆனால் மீதி இருக்கும் ஏரிகளைக் காக்க முடியும். மீதி இருக்கும் கால்வாயைச் சுத்தமாக வைக்க முடியும். ஈஜிபுராவில் இருந்து போகும் தண்ணீர் கொஞ்சம் தெளிவாகப் போனால், தென்பெண்ணைக் கரையில் நாற்று நடும் உறவுக்காரருக்கு அது நல்லது.

கலந்து பேசுங்கள்

1. உங்கள் வீட்டுத் தண்ணீர் எந்தக் கால்வாயில் சேர்கிறது? போய்ப் பார்த்தீர்களா?

2. உங்கள் தெருவில் மழைத் தண்ணீர் எந்த இடத்தில் நிற்கிறது? அதற்குக் காரணம் என்ன?

3. பூங்காவில் முளைத்திருக்கும் புல்லையும் கோரையையும் பறித்து உருட்டிப் பாருங்கள். வித்தியாசம் தெரிகிறதா?

4. மனுவை யார் எழுதுவது? யார் யார் கையெழுத்துப் போடுவது? எந்த நாள் கொண்டுபோய்க் கொடுப்பது?

நான்காவது கேள்விக்கு இன்றே பதில் முடிவு செய்துவிட்டு எழுந்திருங்கள்.